தீர்ப்பு சொல்லாத அறை

1999-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் 89-வது பிரிவும் சேர்ந்தது. 2002 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பானது.

2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையம் நாட்டிலேயே அதுதான் முதல். அதற்கு முன்னின்றவர் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு.

சமரச அறையில் உயர்ந்த மேடை கிடையாது. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்காரும். சமரசர் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்தும் பேசுவார். அங்கே சொன்னதை எதிர்த்தரப்பு பிறகு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட முடியாது. சொத்துக்காக மோதும் அண்ணன் தம்பி மனம்விட்டுப் பேச அந்தப் பாதுகாப்பு போதும். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் சமரசருக்கு இல்லை. உடன்பாடு வராவிட்டால் வழக்கு பழைய நீதிபதியிடமே திரும்பும்.

சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியே தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் உண்டு என்றது உயர் நீதிமன்றம். வேடிக்கை, அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது அதே நீதிமன்றத்தின் நிர்வாகம்! 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.