மம்ரேயின் விருந்தினர் மூவர்

எபிரோனுக்கு அருகே மம்ரே என்னும் இடத்தில், வெயிலேறிய வேளையில் கூடாரவாசலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், எதிரே நின்ற மூன்று புருஷரைக் கண்டு ஓடி வணங்கி, கால் கழுவத் தண்ணீர் தந்து, வெண்ணெயும் பாலும் இளங்கன்றின் இறைச்சியும் படைத்து உபசரித்தான் என்று ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. வந்தவர் யார் என்பதில் வியாக்கியானிகள் ஒன்றுபடவில்லை. அடுத்த அதிகாரத்தில் சோதோமுக்குச் சென்றவர்கள் இரண்டு தூதர் என்றே குறிக்கப்படுவதால், 2-ஆம் நூற்றாண்டின் ஜஸ்டின், எஞ்சிய ஒருவரை மனுஷாவதாரத்துக்கு முன்னரே தோன்றிய கிறிஸ்து என்று வாதித்தார். அகஸ்டினோ மூவரும் தேவதூதரே என்று துணிந்தார். கர்த்தர் ஆபிரகாமோடு பின்தங்கிப் பேசியதாகக் கதை சொல்வதை நோக்குமிடத்து, ஜஸ்டினின் கொள்கையே மூலத்தின் எழுத்துக்கு நெருங்கியதென எனக்குத் தோன்றுகிறது.

இவ்விவாதம் ஏட்டோடு நின்றதன்று. 5-ஆம் நூற்றாண்டுச் சரித்திராசிரியர் சோசொமென், கோடைதோறும் மம்ரேயில் கூடிய பெருஞ்சந்தையை வருணிக்கிறார்: யூதர் தம் பிதாவான ஆபிரகாமை எண்ணியும், பிற சமயத்தார் தேவதூதரை எண்ணியும், கிறிஸ்தவர் அங்கே தரிசனமளித்த கிறிஸ்துவை எண்ணியும் வந்தனராம். ஒரே வசனத்தின் மூன்று பொருள்களும் ஒரே இடத்தில் கூடாரமடித்துத் தங்கிய அக்காட்சி என் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. தம் மாமியார் யூத்ரோப்பியா வாயிலாக இச்சந்தையைப் பற்றி அறிந்த கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, அங்கிருந்த பலிபீடத்தை அகற்றி ஆலயம் எழுப்புமாறு ஆணையிட்டார். அச்சந்தை நாள்களில் அங்கிருந்த ஆபிரகாமின் கிணற்றில் எவரும் நீர் மொள்ள இயலாதாம். பக்தர் சொரிந்த திராட்சரசமும் பணியாரங்களும் நாணயங்களும் பரிமளத் திரவியங்களும் அந்நீரைக் கெடுத்திருந்தன.