இருக்கையும் இல்லமும்

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையை நம் காலனி அன்பர் பலரும் கண்டிருப்பர். விசயநகர வேந்தர் காலத்து இராசமகால் அங்கே மூன்று நிலைகளுடன் நிற்கின்றது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, மரமே சேர்க்காமல் எழுப்பிய மாளிகை அது. சுவர் நிற்கின்றது, அதனுள் விரித்த விரிப்பும் தொங்கிய திரையும் காலத்தோடு போயின. வீட்டின் வரலாற்றில் முதலில் மறைவது இருக்கையே.

நம் இருக்கைகளின் வரலாறு மிகப் பழையது. பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலை நெடுநல்வாடை விரிவாகப் புனைகின்றது. முரசு கட்டிலில் அயர்ந்துறங்கிய மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய செய்தியைப் புறநானூற்றால் அறிகின்றோம். குடிமக்கள் இல்லத்திலோ கோரைப்பாயும் மணையும் ஊஞ்சலுமே இருக்கைகள். பாயைச் சுருட்டினால் கூடம், விரித்தால் படுக்கையறை.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபின் மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகிய சொற்கள் நம் வீட்டினுள் நுழைந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் நாற்காலி அதிகாரத்தின் அடையாளமாயிற்று. அதிகாரி அமர்ந்திருப்பார், மனுக்கொடுப்போர் நிற்பர். பழையன யாவும் நல்லன என்றும் கூறோம். ஊர்த் திண்ணையில் ஏற இடம்பெறாதவரும், இருப்புப்பாதை வந்தபின் இரயில் பெட்டிப் பலகையில் பிறரோடு சரியாக அமர்ந்தனர். அது சிறிய மாற்றம் அன்று.

இரயில்வே எழுத்தராகிய நாம் இங்கு மாற்றலாகி வந்தபோது, பாட்டனார் காலத்து ஊஞ்சற் பலகையையும் பித்தளைச் சங்கிலிகளையும் கொணர்ந்தோம். குவார்ட்டர்ஸில் உத்திரம் ஏது? மின்விசிறிக் கொக்கி ஒன்றே உண்டு. சங்கிலி பரணேறிற்று, பலகை சுவரோரம் செங்கல்மீது அமர்ந்தது. சென்ற ஆண்டு, இடத்தை அடைக்கின்றதே என்று அதை விற்க எண்ணித் தச்சரை அழைத்தோம். அவர் விலை கூறுமுன் நம் மகள், "உத்திரம் என்றால் என்ன, அப்பா?" என்று வினவினாள். காட்டி விளக்க வீட்டில் உத்திரம் இல்லை. பலகையின் வளையங்களைக் காட்டியே விடை கூறினோம். தச்சருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அன்பர்களே! நாம் குடியிருக்கும் சுவர் நம்முடையதன்று; ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்வோம். உடன் வருவன மணையும் பலகையும் அவற்றின் பெயர்களுமே. பொருளை வைக்க இடமில்லையேல் குறையில்லை. பெயருக்கு இடம் வேண்டியதில்லை. பிறந்த ஊரிலிருந்து கொணர்ந்த பொருள் ஒன்றன் பெயரையும் பயனையும் ஒவ்வோர் இல்லத்தாரும் இவ்வாண்டு தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பாராக. சங்கம் வளர்க்கும் தமிழ் அங்கிருந்தே தொடங்கும்.