திகடசக்கரமும் ஓர் இடைவெளியும்

ஆங்கிலம் கற்போரை அலைக்கழிக்கும் சிறு குறிகளுள் இணைப்புக்கோடும் ஒன்று. 'வெல்-நோன் வீவர்' எனப் பெயருக்கு முன் அடையாக நிற்கும்போது கோடு வேண்டும். 'தி வீவர் இஸ் வெல் நோன்' எனப் பெயருக்குப் பின் வரும்போது வேண்டுவதில்லை. இரு சொற்களும் சேர்ந்து ஒரே அடையாகின்றன என்று கண்ணுக்கு அறிவிப்பதே அக்கோட்டின் பணி. தமிழில் அப்பணியைச் செய்வது எது? இவ்வினாவுக்கு விடை தேடக் காஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

காஞ்சிபுரம் குமரகோட்டத்து அருச்சகரான கச்சியப்ப சிவாச்சாரியார், அங்கேயே கந்தபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. காப்புச் செய்யுளின் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. 'திகடசக்கரம்' என்பதனைத் திகழ் + தச + கரம் எனப் பிரித்து, 'விளங்கும் பத்துக் கைகள்' எனப் பொருள் உரைத்தார் ஆசிரியர். நாள் + தோறும் நாடோறும் ஆவதை அவையோர் அறிவர். ழகரத்தின்பின் தகரம் அவ்வாறு டகரமாக விதி எங்கே என்று வினவினர். அடியெடுத்துக் கொடுத்தவன் முருகனே என்ற விடையும் அவர்களை அமைதிப்படுத்தவில்லை. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து, வீரசோழியத்தில் அவ்விதியைக் காட்டித் தடையை நீக்கினார். வந்தவன் முருகனே என்பர் பக்தர்.

வரலாற்று நோக்கில் நம்மை ஈர்ப்பது வேறொன்று. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றிய இலக்கணம். சைவக் காப்பியம் ஒன்றின் முதற்சொல்லுக்கு அரண் செய்யப் பௌத்தரின் நூலையே கதை அழைத்து வருகிறது. சமய எல்லையைவிடச் சொல்லின் பொருத்து முக்கியமாக இருந்த அவை அது! வீரசோழியத்தைச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1881இல் அச்சேற்றினார்.

ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பொறுப்பு. அச்சு வந்தபின் இடைவெளி பதிப்பவர் கைக்குப் போயிற்று. 'திகட சக்கரம்' என இடைவெளி விட்டுப் பாருங்கள். பத்துக் கைகள் மறைந்து, ஒரு சக்கரம் சுழலத் தொடங்கிவிடும்.

தொகைச்சொல் ஒரு சொல்லாகவே நடக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அந்த ஒருமையைக் காட்டத் தமிழ் கோட்டை நாடவில்லை. பெரும்பாலும் ஒற்றை நாடியது. 'பட்டு பருத்தி' என்றால் உம்மைத்தொகை. பட்டும் பருத்தியும் என இரண்டு பொருள்கள். 'பட்டுப் பருத்திச் சேலை' என்றால் இரண்டும் கலந்த ஒரே சேலை. வாங்குபவருக்கு இவ்வேறுபாடு விலையிலேயே தெரியும். கடைப் பலகையில் ஒற்று உதிர்ந்தால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

வினைத்தொகையின் நிலை இன்னும் நுட்பமானது. அதில் வல்லொற்று மிகாது. ஆதலின் சேர்த்தெழுதுவதொன்றே அதற்குக் காவல். 'நெய்துணி' நெய்த துணி. 'நெய் துணி' என்றால் நெய்யின் மணம் வீசும்!

எல்லாத் தொகைகளையும் சேர்த்தே எழுதவேண்டும் என நாம் வற்புறுத்தவில்லை. நீண்ட தொடர்களைப் பிரித்தெழுதுவது இன்றைய வாசிப்புக்கு உதவும். ஆயின், பிரித்தாலும் வரவேண்டிய ஒற்றை விடலாகாது, வினைத்தொகையைப் பிரிக்கலாகாது, உம்மைத்தொகையில் ஒற்றைப் புகுத்தலாகாது. இம்மூன்றையும் காத்தால் கடன்வாங்கிய கோடு நமக்குத் தேவைப்படாது.

காஞ்சி நெசவாளர் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, கோர்வையால் பிணைப்பர். பிணைப்பு தளர்ந்தால் கரை தனியே, உடல் தனியே. சொற்களுக்கும் அதுவே நிகழும். ஓர் ஒற்றுக்கு விதி கேட்டு அரங்கேற்றத்தையே நிறுத்திய ஊரில், இன்று பெயர்ப்பலகைகளில் ஒற்று உதிர்வதைக் கேட்பார் இல்லை என்பதே நம் கவலை.