பிளாஸ்மாத் திரையின் எழுச்சியும் மறைவும்

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலே பிட்சர், சுலோட்டோ, வில்சன் என்னும் மூவர் பிளாஸ்மாத் திரையை ஆக்கினர். 'பிளேட்டோ' என்ற கற்பித்தற் கணினிக்காகவே அது பிறந்தது. வகுப்பறைக்கென்று பிறந்த பொருள் செல்வரின் வரவேற்பறையைச் சென்றடைந்தமை விந்தையே. 1997இல் 42 அங்குல வண்ணத் திரையொன்றின் விலை பத்தாயிரம் டாலரையும் கடந்து நின்றது.

விலை இறங்கியபின், சிக்கனம் நாடியோர் முன்னிலையில் திரவப் படிகத் திரையும் போட்டியாக வந்து நின்றது. பிளாஸ்மாவிலே நுண்ணறை ஒவ்வொன்றும், தன்னுள் அடைபட்ட வாயு மின்னாற் கிளர்ச்சியுற, தானே ஒளிரும். ஒளிராதபோது அவ்விடம் ஏறக்குறைய முற்றிருளாகும். மற்றையதிலோ பின்னுள்ள விளக்கு ஓயாது எரியும். படிகம் அதனை மறைப்பினும் சிறிதளவு ஒளி கசிதலின், கருமை சாம்பல் நிறமாகும். விரைந்தோடும் பந்தும் அன்று அதில் மங்கியே தெரிந்தது.

ஆயினும் கடையின் கடும் விளக்கொளியிற் பிளாஸ்மா சோர்ந்து தோன்றியது. திரவப் படிகம் பளிச்சிட்டது. வீட்டின் மங்கிய மாலையொளியை எண்ணிப் பாராது, கடையிற் கண்டதைக் கொண்டே பலர் தீர்ப்பளித்தனர். பெரிய அளவுகளிற் பிளாஸ்மாவே சில ஆண்டுகள் மலிவாயிருந்தது. மின்கட்டணமோ அவ்விலாபத்தின் ஒரு பகுதியை விழுங்கிற்று. நுண்ணறைகளை மேலும் சுருக்குதல் அரிதாகையால் சிறிய பிளாஸ்மாத் திரைகள் அருகியே வந்தன. கைப்பணம் குறைந்தவருக்கு அங்கே தெரிவு என்று சொல்லத்தக்கது பெரிதும் இருக்கவில்லை. கணினிகளுக்கும் படிகத் திரையே வேண்டப்பட்டமையால் அதன் உற்பத்தி பெருகி, விலை சரிந்தது.

பனசோனிக் நிறுவனம் 2013ஆம் ஆண்டின் இறுதியிற் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் நிறுத்தின. கடைசியாக வந்த திரைகளைத் தேடி வாங்கி வைத்தோரும் உளர்.