ரௌலி, ஜேனட் டேவிசன் (1925–2013)

அமெரிக்க மருத்துவர், மரபியலாளர். குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதற்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர். நியூயார்க்கில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழக மருத்துவ வகுப்பின் 65 இடங்களில் பெண்களுக்கு 3 இடங்களே; அவையும் நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். 1948-இல் பட்டம் பெற்றார். பின்னர் நான்கு ஆண் பிள்ளைகளை வளர்த்தபடி பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்தார்.

1970–71இல் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தபோது, குரோமோசோம்களைக் குயினாக்ரின் சாயத்தில் பட்டை பட்டையாக ஒளிரச் செய்யும் புதிய முறையைக் கற்றார். அதுவரை உருவ அளவை வைத்துத் தோராயமாகவே பிரிக்கப்பட்ட குரோமோசோம்களை, பட்டைகளின் வரிசையைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் காண இது உதவியது. சிகாகோ திரும்பியபின், நோயாளிகளின் உயிரணுப் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, குரோமோசோம்களைக் கத்தரித்து ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். மேசைப் பக்கம் யாரும் தும்மக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை.

1972-இல் அந்தப் படத்துண்டுகளிடையே 8ஆம், 21ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான பரிமாற்றத்தைக் கண்டார். அடுத்து நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டார். ஆய்வாளர்கள் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் 1960-இல் அந்நோயாளிகளிடம் கண்டறிந்த, குட்டையான ‘பிலடெல்பியா குரோமோசோம்’ (22ஆம் குரோமோசோம்) ஒரு பகுதியை இழந்துவிட்டது என்றே பலரும் கருதிவந்தனர். ரௌலியின் படங்களிலோ 9ஆம் குரோமோசோமின் நுனி வழக்கத்தைவிட நீண்டிருந்தது. 22-இல் குறைந்த அளவும் அங்கே கூடிய அளவும் ஏறத்தாழ ஒன்றே. அதாவது 22-இன் துண்டு தொலையவில்லை, 9-க்கு இடம் மாறியிருந்தது. இதை விளக்கும் அவரது கட்டுரை 1973-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. இத்தகைய மாற்றம் நோயின் காரணமா, விளைவா என்ற ஐயம் உடனே தீரவில்லை. 1977-இல் 15, 17 இடையிலான பரிமாற்றத்தையும் அறிவித்தார்.

மூலக்கூற்று விளக்கம் 1980களில் வந்தது. 9-இலிருந்து பெயர்ந்த ஏபிஎல் மரபணு 22-இன் பிசிஆர் மரபணுவோடு இணைந்து, ஓய்வின்றிச் செயல்படும் நொதியை உருவாக்குகிறது. 8, 21 பரிமாற்றத்தின் வழி வேறு: அங்கே இணைவது பிற மரபணுக்களின் வெளிப்பாட்டை நெறிப்படுத்தும் ஒரு புரதத்தின் மரபணு, அதனால் இரத்த அணுக்கள் முதிர்ச்சி அடையாமல் நின்றுவிடுகின்றன. இணைவு மட்டுமே நோய்க்குப் போதுமா என்பது வகைக்கு வகை வேறுபடுவதாகத் தெரிகிறது. சில சிறார்களிடம் பிறக்கும்போதே இணைவு இருந்தும் நோய் பல ஆண்டுகள் கழித்தே தோன்றியுள்ளது. இத்தகைய பரிமாற்றங்களில் சிக்கும் இன்னொரு மரபணுவான, 11ஆம் குரோமோசோமில் உள்ள எம்எல்எல்லை 1991-இல் அடையாளம் கண்டவர்களுள் ரௌலியின் குழுவும் ஒன்று.

1998-இல் லாஸ்கர் விருதும் 2009-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கமும் பெற்றார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் கண்டுபிடிப்புகள் சிகிச்சைக்கு வழிவகுத்தன: பிசிஆர்-ஏபிஎல் நொதியைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்துக்கு 2001-இலும், எம்எல்எல் மாற்றம் உள்ள இரத்தப் புற்றுநோய்க்கான ரெவுமெனிப் மருந்துக்கு 2024-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.