திருமலைக் கல்வெட்டுகள் உரைக்கும் உரிமை

நாம் சமணர் என்று கூறியவுடன், “வடநாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள்?” என வினவுவோர் இன்றும் உளர். பள்ளியிலும் அலுவலகத்திலும் நம் இளைஞர்கள் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். இதற்கான விடை நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, போளூரை அடுத்த திருமலையில், கல்லெழுத்தாக நிலைபெற்றுள்ளது.

நமது அறம் வடபுலத்தில் தோன்றியது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பத்திரபாகு முனிவர் தம் சங்கத்தாருடன் தென்திசை போந்தார் என்பதும், அவர் வழியினர் தமிழகம் புகுந்தனர் என்பதும் நம் மரபு. வந்த துறவியர் இந்நாட்டு மொழியையே தம் மொழியாக ஏற்றனர். மதுரையை அடுத்த மாங்குளத்தில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவில் அவர்தம் உறைவிடங்களில் பொறிக்கப்பட்ட எழுத்துகள் தமிழையே பேசுகின்றன. பின்வந்தோருள் திருத்தக்கதேவர் சீவகசிந்தாமணி பாடினார். பவணந்தி முனிவர் நன்னூல் யாத்தார். சமய வேறுபாடு பாராது தமிழ் மாணவர் அனைவரும் அந்நூல்வழியே இலக்கணம் பயின்றனர்.

மொழிக்குச் செய்ததைப் போன்றே மண்ணுக்கும் நம் முன்னோர் செய்தனர். திருமலை அமைந்த ஊர் சோழர் காலத்தில் வைகாவூர் எனப்பட்டது. முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 1005-இல், குணவீர மாமுனிவர் இங்கே ஒரு கலிங்கு அமைத்தார். கணிசேகர மருபொற்சூரியன் என்னும் சான்றோரின் பெயரை அதற்கு இட்டார். தமக்கென ஒரு சாண் நிலமும் வேண்டாத துறவி, உழவரின் நெல்வயல் விளைய நீர்வழி வகுத்தார் என்பது எண்ணிப் போற்றத்தக்கது.

இந்நாடும் அவ்வன்பை ஏற்று மதித்தது. இராசராசனின் தமக்கை குந்தவையார் பெயரால் இங்குக் குந்தவைச் சிநாலயம் விளங்கிற்று. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்திலும் அவ்வம்மையார் சிவனுக்கும் திருமாலுக்கும் சினதேவருக்கும் ஒரே ஊரில் கோயில்கள் எடுப்பித்தார்.

முதலாம் இராசேந்திரனின் கங்கை வெற்றியை விரித்துரைக்கும் திருமலைக் கல்வெட்டை வரலாற்றறிஞர் பெரிதும் போற்றுவர். அஃது அவ்வரசனின் 13-ஆம் ஆட்சியாண்டுக்குரியது. அக்கல்வெட்டு எழுந்த காரணமோ, வணிகர் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை இச்சிநாலயத்துக்கு அளித்த விளக்குக் கொடை. பேரரசனின் வெற்றிச் செய்தி நம் மலையில் ஓர் இல்லத்தரசியின் விளக்கொளியில் நிற்கிறது.

தகடூரை ஆண்ட அதிகர் குலத்தாரும் இம்மலையைத் தமதெனக் கொண்டனர். சேர மரபினனான எழினி இங்கே இயக்கன், இயக்கி உருவங்களை அமைத்தான். காலத்தால் அவை சிதைய, அவன் வழித்தோன்றல் விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்து, மணியும் அளித்து, நீர்க்காலும் வெட்டுவித்தான். முன்னோன் செய்த அறத்தைப் பின்னோன் காத்த செய்தி அது.

கலிங்கும் விளக்கும் நீர்க்காலும் இலக்கணமும் தந்து நம் முன்னோர் பெற்றது இத்தாயக உரிமை. அவ்வுரிமையைப் பேணுவதும் அத்தகைய செயலாலேயே அமையும். கல்வெட்டுகளின் மீது சுண்ணம் பூசாமலும் பெயர் கீறாமலும் காப்பது நம் முதற்கடன். இத்திருவிழா நாள்களில் பெற்றோர் தம் மக்களைத் திருமலைக்கு அழைத்துச் சென்று, நேமிநாதரை வணங்கியபின் அக்கல்லெழுத்துகளையும் காட்டுவாராக. குணவீரர், சாமுண்டப்பை என்னும் பெயர்களை அறிந்த பிள்ளைகள், எவர் வினவினும் தயக்கமின்றி விடை கூறுவர்.