அட்டன்பரோவும் இளையாத்தங்குடியும்

இங்கிலாந்தில் நாட்டிங்கம் நகரை ஒட்டி, டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அட்டன்பரோ. அங்கிருந்து பெயர்ந்த குடும்பம் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. டேவிட் அட்டன்பரோவால் உலகறிந்த பெயர்தான். ஆனால் அதை உடையவர்கள் குறைவு. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குடும்பப் பெயர்களின் ஆண்வழி மரபணுவை ஆராய்ந்தபோது, அட்டன்பரோக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழியினர் எனத் தெரிந்தது.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரிடமும் ஊரும் ஆண்வழியும் இப்படிப் பிணைந்தே கிடக்கின்றன. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என 9 கோயில்கள். தந்தையின் கோயிலே பிள்ளையின் கோயில். மணமான பெண் கணவர் கோயிலைச் சேர்வார். திருமணத்துக்குக் கோயில் மாலை வரும். மணமானவர் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாவார். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோயில்கள். அவற்றுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

ஆனால் அட்டன்பரோ தன் ஊரைக் கையெழுத்திலேயே சுமக்கிறார். நகரத்தார் கையெழுத்தில் கோயில் இல்லை. அங்கே இருப்பது விலாசம்: பாட்டன், தந்தை பெயர்களின் முதலெழுத்துகள். ரங்கூனிலும் மலேயாவிலும் வட்டிக்கடைகள் அந்த எழுத்துகளால்தான் அறியப்பட்டன. தலைமுறைதோறும் அவை நகரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தந்தை முத்தையா. ஆகவே அண்ணாமலையாரின் மகன் எம்.ஏ. சிதம்பரம்; சிதம்பரத்தின் மகனோ ஏ.சி. முத்தையா. முன்னெழுத்து மாறிவிட்டது, கொள்ளுப்பாட்டனார் பெயர் கொள்ளுப்பேரனிடம் திரும்பிவிட்டது.

இங்கிலாந்தில் ஒரே பெயர் செய்யும் வேலையை இங்கே இரண்டு பகிர்ந்துகொள்கின்றன: வம்சத்தைக் கோயில் காக்கிறது, வணிகத்தை விலாசம் காட்டுகிறது. அட்டன்பரோக்கள் எங்கெங்கே பரவினர் என்பதை மக்கள்தொகைக் கணக்கேட்டில் தேடலாம். முத்தையாக்களை அப்படித் தேட முடியாது. அந்தப் பெயர் எல்லாக் கோயிலாரிடமும் உண்டு. கோயிலின் புள்ளிக் கணக்குதான் வழிகாட்டும்.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இன்று தந்தை பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகிறது. அந்தப் பெயரிலிருந்து கோயிலைக் கண்டறிய வழியில்லை. கோயில், அதன் உட்பிரிவு, ஊர், விலாசம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வீட்டாரும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும்.